குடியிருப்பில் ஒரு சிறு டெரியர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் உரையாற்ற அறிஞர் பலர் வந்திருக்கும் இம்மேடையில், நாயைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலர்க்கு நகைப்பைத் தரலாம். புகைவண்டியே ஓடாத இத்தீவிலே புகைவண்டி இலாகா எழுத்தன் ஒருவன் உலவுவதைக் காட்டிலும் இது பெரிய விந்தையன்று. செயலாளர் அவர்கள் இப்பொருளை எனக்கு அளித்ததற்குக் காரணம் உண்டு. நம் காலனியில் அண்மைக் காலமாகச் சிறு சாதி நாய் வளர்க்கும் ஆசை வீட்டுக்கு வீடு பரவி வருகின்றது. "சென்னையிலிருந்து குட்டி கொண்டுவர வழி என்ன? ரயிலில் ஏற்றுவார்களா? கப்பலில் விடுவார்களா?" என்று என்னிடம் கேட்போர் தொகை பெருகிவிட்டது. அவர்களுள் பலர் விரும்புவது டெரியர் என்னும் சிறு நாயை. ஆகவே அதனைப் பற்றி நான் படித்தறிந்தவற்றையும் பார்த்தறிந்தவற்றையும் இங்குச் சொல்ல விரும்புகின்றேன்.

இங்குள்ள பெரியோர் அனைவரும் ஒரு டெரியரை நன்கு அறிவர். அது டெரியர் என்பதை மட்டும் அறியாதிருக்கலாம். நம் பாட்டனார் காலத்து இசைத்தட்டுகளிலும், பின்னர் வந்த ஒலிநாடாக்களிலும், அகன்ற வாயுடைய குழலின் முன்னே தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அந்த 'நாய் மார்க்' நாய்தான் அது. அதன் பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரில் பிறந்த டெரியர்க் கலப்பு. வளர்த்தவர் 1887-ல் மறைந்தார். அவருடைய உடன்பிறந்தாராகிய பிரான்சிஸ் பராட் என்னும் ஓவியர் அதனைத் தம்முடன் வைத்துக்கொண்டார். நாய் 1895-ல் இறந்தது. அதன் பின்னரே அவர் அப்படத்தை வரைந்தார். 1899-ல் கிராமபோன் கம்பெனியார் படத்திற்கு ஐம்பது பவுனும், அதன் உரிமைக்கு ஐம்பது பவுனும் கொடுத்து வாங்கினர். இத்துணை அடக்கமாக உட்கார்ந்து கேட்கும் நாய்க்கு 'நிப்பர்' என்று ஏன் பெயர் வந்தது? நறுக்கென்று கவ்வுவது என்பது அச்சொல்லின் பொருள். வீட்டிற்கு வருவோருடைய கெண்டைக்காலைப் பின்னாலிருந்து கவ்வுவது அதன் வழக்கமாம்! படத்தைப் பார்த்து மயங்கி நாய் வாங்குவோர் பெயர்க் காரணத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இக்குணம் அதற்கு எங்கிருந்து வந்தது? நிலம் என்று பொருள்படும் 'டெரா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தே 'டெரியர்' என்னும் பெயர் பிறந்தது. நம் நாட்டுச் சிப்பிப்பாறையும், கன்னியும், இராஜபாளையமும் திறந்த வெளியில் வேட்டையைக் கண்ணால் கண்டு நெடுங்கால் போட்டுத் துரத்துபவை. டெரியரோ மண்ணுக்குள் புகுந்து வேலை செய்வது. நரியையும் எலியையும் அவற்றின் வளைக்குள்ளேயே சென்று மடக்குவதற்காக ஆங்கில நாட்டார் அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தனர். வளைக்குள் எஜமானர் உடன் வர இயலாது. ஏவுவதற்கும் தடுப்பதற்கும் அங்கே ஆளில்லை. இருட்டில், தன்னைவிட முரடான பிராணிக்கு எதிரில், அந்த நாய் தானே முடிவு செய்தாக வேண்டும். பின்வாங்கினால் அது பயனற்றது. தான் இருக்கும் இடத்தை மேலே நிற்பவர்க்கு அறிவிக்க ஓயாது குரைக்கவும் வேண்டும். ஆதலின் சொன்னதைக் கேளாத பிடிவாதமும், ஓயாத குரைப்பும், கண்ட இடத்தில் மண்ணைப் பறிப்பதும் டெரியரின் கெட்ட பழக்கங்கள் அல்ல. அவற்றிற்காகவே அது உண்டாக்கப்பட்டது. மடியில் அடங்கும் அளவினதாக இருப்பதால் நாம் அதனைப் பொம்மை என்று எண்ணிவிடுகின்றோம்.

இவ்வினங்களுள் மிகச் சிறியது யார்க்ஷயர் டெரியர். மூன்று கிலோ எடைக்குச் சிறிது மேல் போகாது. இதன் வரலாறு நம்மைப் போன்றோர் கேட்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர் பலர் கைத்தொழில் நலிந்து, பிழைப்பு நாடி, யார்க்ஷயர் நாட்டு ஆலைகளுக்குக் குடிபெயர்ந்தனர். மூட்டை முடிச்சுகளோடு தங்கள் சிறு நாய்களையும் உடன் கொண்டு சென்றனர். ஆலையிலும் வீட்டிலும் எலி பிடிப்பதே அவற்றின் தொழில். அவை அங்கிருந்த நாய்களோடு கலந்து இப்புது இனம் தோன்றியது. ஹடர்ஸ்பீல்ட் பென் என்று பெயர் பெற்ற ஒரு நாய், 1865 முதல் 1871 வரை ஆறே ஆண்டுகள் வாழ்ந்தது. அதனையே இவ்வினத்தின் மூலபுருடன் என்பர். இன்று பட்டு மெத்தையில் உறங்கும் அந்நாய் ஒரு காலத்தில் கூலிக்காரர் வீட்டுப் பிராணி. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தின் பிராணி. தாய்நாட்டை விட்டு மூன்று நாள் கப்பல் பயணத்தில் வந்து குடியேறிய நமக்கு அதனிடம் ஒரு சொந்தம் தோன்றினால் வியப்பில்லை. வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாய்ச் சற்றுப் பெரிதாக இருக்கும் ஜாக் ரசல் டெரியர் வேறு இனம். அது இன்னமும் ஓட்டத்தையும் வேட்டையையும் மறவாதது. இரண்டறைக் குவார்ட்டர்ஸ் அதற்குப் போதாது என்பது என் கருத்து.

நிற்க. நம் குடியிருப்பில் இதனோடு வாழ்வது எப்படி என்று பார்ப்போம்.

நம் வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றே. இப்பக்கம் குரைத்தால் அப்பக்கம் இரவுப் பணி முடித்து வந்து உறங்கும் மனிதர் எழுந்துவிடுவார். டெரியரை அடித்துக் குரைப்பை நிறுத்த முயல்வது வீண். வளைக்குள் நரியின் பல்லுக்கே அஞ்சாதபடி வளர்க்கப்பட்ட சாதி அது. அதற்கு வேலை கொடுத்தல் ஒன்றே வழி. காலையும் மாலையும் அரை மணி நேரம் சங்கிலியில் பிடித்து நடத்துக. நான்கைந்து தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் மட்டும் சிறு மீன் துண்டை ஒளித்துத் தேடச் செய்க. கால் மணி நேரம் மூக்கால் தேடிய நாய் ஒரு மைல் ஓடியதுபோல் களைத்து உறங்கும். கொல்லையில் ஒரு மூலையில் மணலைக் கொட்டி, அங்கு மட்டும் தோண்டப் பழக்கினால் அண்டை வீட்டு முருங்கைக் கன்று பிழைக்கும். சிறு குழந்தைகள் வாலை இழுப்பதையும், உண்ணும்போது தட்டைத் தொடுவதையும் அது பொறுக்காது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையையும் டெரியரையும் தனியே விட்டு அடுக்களைக்குப் போகும் தாய்மார் நிப்பரின் பெயரை நினைவிற் கொள்க.

உணவில் ஓர் எச்சரிக்கை. மீந்த சாம்பார் சாதத்தை நாய்க்கு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். சின்ன வெங்காயமானாலும் பெரிய வெங்காயமானாலும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். உடல் சிறியதாக இருக்கையில் சிறிதளவே பெருந்தீங்காகும். சாக்லேட்டும் திராட்சையும் அவ்வாறே. இத்தீவில் மீனுக்குக் குறைவில்லை; முள் நீக்கி, உப்பும் காரமும் இன்றி வேகவைத்துச் சோற்றுடன் பிசைந்து கொடுத்தால் போதும்.

இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. படத்திற் காண்பதுபோல் யார்க்ஷயர் நாயின் மயிரைத் தரை தொட வளர்த்தால், அது ஈரமும் சேறும் உண்ணியும் குடியேறும் புதராகிவிடும். குட்டையாகக் கத்தரித்துவிடுக. நடந்து வந்ததும் விரலிடுக்குகளைத் துடைத்து, காதின் உட்புறத்தில் உண்ணி இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். ஈறு வெளுத்துக் காய்ச்சல் கண்டால் உண்ணிக் காய்ச்சல் என்று ஐயுற்று அன்றே கால்நடை வைத்தியரிடம் செல்க. இங்கு 'கன்கஜூரா' என்று வழங்கும் பெரும்பூரானைக் கண்டாலும் டெரியர் ஒதுங்காது, மூக்கை நீட்டும். மழை நாட்களில் அதனைப் படுக்கவைக்குமுன் சாக்கை உதறிப் போடுதல் நன்று.

எலியைப் பற்றி ஒரு சொல். டெரியர் எலி பிடிக்கும் என்று மகிழ்ந்து வாங்குவோர் உளர். பிடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் இத்தீவில் எலியின் கதை வேறு. 1988 முதல் வடக்கு அந்தமானில் திக்லிபூர்ப் பகுதியில் மழைக்காலந்தோறும் ஒரு மர்மக் காய்ச்சல் தோன்றி, நுரையீரலில் இரத்தம் கசிந்து மக்கள் மாண்டனர். 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயரிட்டிருந்தனர். 1990-களில்தான் அது லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் நம் தலைநகரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இந்நோயை ஆராய்வதில் பெயர் பெற்றது. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாக, காலிலுள்ள சிறு புண்ணின் வழியே இந்நோய் உட்புகும். நாய்க்கும் இது வரும். வந்த நாயின் சிறுநீரிலும் கிருமி வெளிப்படும். ஆகவே எலி பிடிக்கும் நாயை வீட்டுக்குள் வைத்திருப்போர், நாய்களுக்கென்று உள்ள எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். நாய் அசுத்தம் செய்த இடத்தை வெறுங்காலுடன் மிதிக்காமல் கழுவ வேண்டும். மண்ணுக்குள் மூக்கை நுழைக்கும் சாதிக்கு இது மிகவும் இன்றியமையாதது.

இனி, நான் இன்று இம்மேடைக்கு வந்ததன் முதற் காரணத்தைச் சொல்கின்றேன். 1858-ல் ஆங்கிலேயர் இங்குக் கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது பேரந்தமான் தீவுகளில் நாய் என்னும் பிராணியே இல்லை. கப்பலில் வந்த நாய்களைக் கண்ட பழங்குடியினர் சில ஆண்டுகளுக்குள் அவற்றைப் பன்றி வேட்டைக்குத் துணையாக்கிக்கொண்டு, பிள்ளைகளைப் போல் பேணினர். இவ்வாறு கப்பலில் நாய் வந்தது. ஆனால் வெறிநாய்க்கடி நோய் இங்கு வந்து வேரூன்றவில்லை. இந்தியாவில் அந்நோய் இல்லாத பகுதிகளாக நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வருபவை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளும் இலட்சத்தீவும் மட்டுமே. உலகில் அந்நோயால் இறப்போருள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் நம் நாட்டினர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அத்தகைய நாட்டில், நம் பிள்ளைகள் தெரு நாயைக் கண்டு அந்த அச்சமின்றி நடக்கும் மண் இது.

அந்த அச்சம் எத்தகையது என்பதை நம் முன்னோர் அறிவர். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைத்தோர் இல்லை என்றே சொல்லலாம். பாரிஸில் பாஸ்டர் 1885-ல் ஊசியால் காக்கும் வழியைக் கண்டார். நம் நாட்டில் அத்தகைய நிலையம் 1900-ல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் திறக்கப்பட்டது. கடிபட்ட தென்னாட்டார் அவ்வளவு தூரம் ரயிலேற வேண்டியிருந்தது. வழியில் கழிந்த ஒவ்வொரு நாளும் உயிரைக் குறைத்த நாள். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிய பின்னரே தமிழகத்தார் மூச்சு விட்டனர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சென்னையில் டெரியர்க் குட்டியை நாற்பது, ஐம்பது நாள் வயதில் விற்கின்றனர். வெறிநோய்த் தடுப்பூசியை ஏறத்தாழ மூன்று மாதம் நிரம்பிய பின்னரே முதன்முதலாகப் போடுவது வழக்கம். நோய்க்கிருமி உட்புகுந்த நாய் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், துள்ளி விளையாடிக்கொண்டே இருக்கும். ஆக, கூடையில் மூடி எடுத்து வரும் அழகிய குட்டி, ஊசியும் இன்றி, உள்ளே என்ன இருக்கின்றது என்று எவர்க்கும் தெரியாமலும் இக்கரையில் இறங்கக்கூடும். ஒரே ஒரு குட்டி போதும். பிறகு இங்குள்ள தெரு நாய்கள் அத்தனைக்கும் நோய் பரவும். அதனை மீண்டும் துடைத்தெறிய எத்தனை ஆண்டு ஆகும்! ஆதலின் கொண்டுவரத் துணிந்தோர், குட்டிக்கு உரிய வயதாகும் வரை அங்கேயே உறவினர் வீட்டில் வளர்த்து, ஊசி போட்டு, அது பலிக்க வேண்டிய நாட்களும் கழிந்த பின், தடுப்பூசிச் சான்றும் உடல்நலச் சான்றும் பெற்றுக் கொண்டுவருக. புறப்படுமுன்னரே நம் நிர்வாகத்தின் கால்நடைத் துறைக்கு எழுதி, விதிகளை எழுத்தில் பெற்றுக்கொள்க. யாரேனும் கப்பல் சிப்பந்தியிடம் சொல்லிச் சரிக்கட்டிவிடலாம் என்று யோசனை கூறினால், தயவுசெய்து கேளாதீர். நாய் கடித்தால், "இத்தீவில் அந்நோய் இல்லையே" என்று வாளாவிராமல், சோப்பும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, டாக்டரிடம் காட்டுக.

ரயிலைப் பற்றிக் கேட்டோர்க்கு விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். முதல் வகுப்பு ஏ.சி.யில் தனியறை முழுவதையும் எடுத்துக்கொண்டால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கார்டு வண்டியிலுள்ள நாய்ப் பெட்டிதான். மற்ற ஏ.சி. வகுப்புகளிலும் படுக்கை வகுப்பிலும் நாய்க்கு இடமில்லை. அந்த இருட்டுப் பெட்டியில் ஓரிரவு முழுவதும் ஒரு சிறு நாய் கத்துவதைக் கேட்டவர்கள் தம் நாய்க்கு அதனை விரும்பமாட்டார்கள்.

மற்றொன்று மாற்றல். மத்திய அரசுப் பணியாளர் பலர்க்கு இத்தீவில் இரண்டு மூன்றாண்டுப் பணி. டெரியர் பதின்மூன்று, பதினைந்து ஆண்டு வாழும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மீதி பத்தாண்டுக்கு மேல். இந்த மீதிக்கு யார் பொறுப்பு? சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியிலிருந்து மாற்றலாகிப் போன குடும்பம் ஒன்று, தம் சிறு நாயைக் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றது. காவல்காரரும் மாறினார். பூட்டிய கதவின் முன் அந்நாய் பல நாள் படுத்திருந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர். பின்னர் அது கடற்கரைப் பக்கம் திரிந்ததாகக் கூறினர். கடற்கரையில் திரியும் நாய் என்ன செய்யும்? கத்பர்ட் விரிகுடாவிலும், காளிபூரிலும், சிறிய அந்தமானிலும் கடலாமைகள் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. அம்முட்டைகளைத் தோண்டித் தின்பவற்றுள் உரிமையாளர் இன்றித் திரியும் நாய்களும் உண்டு. வனத்துறையினர் இரவில் காவலிருந்து முட்டைகளை வேலியிட்ட இடத்திற்கு மாற்றுகின்றனர். தோண்டுவதற்கென்றே பிறந்த நாயைக் கரையில் அவிழ்த்துவிடுவது அவர்கள் உழைப்பை அழிப்பதாகும்.

என் இலாகாவைச் சேர்ந்த ஒரு டெரியரைப் பற்றி இங்குக் கூற விரும்புகின்றேன். அமெரிக்காவில் ஆல்பனி நகரத் தபால் நிலையத்தில் 1888 அளவில் ஒரு டெரியர்க் கலப்பு நாய் வந்து சேர்ந்தது. ஓனி என்று பெயர். தபால் பைகளின் வாசனை அதற்கு மிகவும் பிடித்தது. பைகள் ரயிலேறினால் அதுவும் ஏறிவிடும். தபால் வண்டிகளில் நாடு முழுவதும் சுற்றியது. ஊருக்கு ஊர் எழுத்தர்கள் அதன் கழுத்தில் ஒரு வில்லையைக் கட்டி அனுப்பினர். வில்லைகளின் பாரம் தாங்காமல் கழுத்து தாழவே, தபால் துறைத் தலைவராக இருந்த ஜான் வானமேக்கர் அவற்றை மாட்ட ஒரு சட்டையே தைத்துக் கொடுத்தார். 1895-ல் கப்பலேறி ஆசியாவும் ஐரோப்பாவும் கடந்து 132 நாட்களில் உலகைச் சுற்றி வந்தது. பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. எழுத்தர்கள் அனைவரும் அதற்கு நண்பர். தனக்கென்று ஒரு வீடு மட்டும் அதற்கு இல்லை. முதுமையில் கண்ணும் மங்கியது. 1897 ஜூன் மாதம் டொலிடோ நகரில், தபால் நிலையத்தில் சங்கிலியிட்டுக் கட்டப்பட்டிருக்கையில், அது ஒருவரைக் கடித்துவிட்டது என்கின்றனர். அதனைச் சுட்டுக் கொன்றனர். எழுத்தர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அதன் உடலைப் பதப்படுத்தினர். வில்லைகளோடு கூடிய அவ்வுடலை இன்றும் வாஷிங்டன் தபால் அருங்காட்சியகத்தில் காணலாம். 2011-ல் அதற்குத் தபால் தலையும் வெளியிட்டனர். அருங்காட்சியகத்தையும் தபால் தலையையும் எண்ணி மகிழ்வோர் மகிழ்க. எனக்கு டொலிடோவின் அந்தச் சங்கிலியே நினைவில் நிற்கின்றது. முதுமையில் அதனைக் கட்டிய கை அதற்குப் பழக்கமில்லாத கை.

ஆகவே அன்பர்களே, குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் அழும்போது, மாற்றல் உத்தரவு வந்தால் இதனை உடன் கொண்டு செல்வோமா என்பதை வீட்டில் உள்ளோர் அனைவரும் உட்கார்ந்து முதலில் பேசிக்கொள்க. கொண்டு செல்ல இயலும் என்போர், மேற்சொன்ன முறைப்படி டெரியரைக் கொண்டுவருக. அதைவிடச் சுறுசுறுப்பான துணை கிடைப்பது அரிது. இத்தீவிலேயே நிலையாகக் குடியிருப்போர்க்கு நான் வேறொரு யோசனையும் கூறுவேன். மீன் கடைத் தெருவிலும் நம் காலனியின் பின்புறத்திலும் ஆண்டுதோறும் குட்டிகள் பிறக்கின்றன. அவை கடல் கடக்க வேண்டியதில்லை. இம்மழைக்கும் வெயிலுக்கும் பழகியவை. டெரியருக்குச் சொன்ன ஊசிகள் அத்தனையும் அவற்றிற்கும் வேண்டும். விலை மட்டும் இல்லை. சென்ற மழைக்காலத்தில் எங்கள் வரிசையில் பிறந்தவற்றுள் இரண்டு இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று கறுப்பு, மற்றொன்று செம்பழுப்பு. கூட்டம் முடிந்தபின் பார்க்க விரும்பும் குடும்பத்தினரை நானே அழைத்துச் செல்கின்றேன்.